நூறு தப்படி தள்ளி

ஊரில் நாகவள்ளிக்குச் சம்பளமில்லாத வேலை ஒன்று உண்டு. கரண்ட் ஆபீஸ் கடிதம், பேங்க் நோட்டீஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு, எது வந்தாலும் கமுதிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தெருவில் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். அந்தத் தெருவிலேயே முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள் அவள். பி.எஸ்சி. கணிதம், அப்புறம் பி.எட். "இருக்கிறத இருக்கிறபடி படி ஆத்தா" என்பார்கள். கெட்ட சேதியாக இருந்தாலும் ஒரு வார்த்தை கூட்டமாட்டாள், குறைக்கமாட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. அந்தக் கர்வம் போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அமீரகத்தில் அல் ஐன் போகிற சாலையில், ஓடுகிற வண்டிக்குள் வைத்துப் போயிற்று.

அவள் கணவன் சேதுபதி அங்கே உம் அல் குவைனில், கடலை ஒட்டிய ஒரு யார்டில் கேரவன் ஓட்டுகிறான். கேரவன் என்றதும் ஊரில் சினிமாக்காரர்கள் உட்கார்ந்து மேக்கப் போடுகிற வண்டி என்று நினைத்துக்கொண்டார்கள். இது வாடகை வண்டி. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும். குளிர்காலம் பிறந்துவிட்டால் துபாய், ஷார்ஜா ஜோடிகள் ஓரிரு நாளைக்கு எடுத்துக்கொண்டு, கடற்கரையில் கிளம்பிப் பாலைவனத்துக்குள் போய்த் தங்கிவிட்டு வருவார்கள். ஓட்டிக்கொண்டு போவது, படுக்கை விரிப்பது, டீ போடுவது, மறுநாள் கக்கூஸ் டப்பாவைக் கழற்றிக் கழுவுவது, எல்லாம் சேதுபதிதான்.

அதற்கு முன்னால் நாலு வருஷம் சவூதியில் ஜுபைல் கேம்பில் கிடந்தான். ஆலைக் குழாய்களுக்குப் பஞ்சு சுற்றித் தகரம் அடிக்கிற வேலை. பஞ்சுத் தூசி ஒட்டி ராத்திரியெல்லாம் உடம்பு அரிக்கும் என்பான். அங்கிருந்து லீவில் வந்தபோதுதான் பெண் பார்க்க வந்தான். "பட்டதாரிப் பொண்ணுக்குப் பத்தாவது மாப்பிள்ளையா" என்று தெருவில் கேட்காதவர்கள் இல்லை. நாகவள்ளிக்கு அவனைப் பிடித்துப்போனதற்குக் காரணமே அதுதான். எல்லோருக்கும் எதிரில் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு இங்கிலீஷ் பேசுனா புரியும், எழுதுனா தெரியாது. மொதல்லயே சொல்லிர்றேன்" என்றான். அப்படிச் சொன்ன ஆம்பளையை அவள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

கல்யாணமாகி நாலு வருஷம். சேர்ந்திருந்த நாட்களை அவள் எண்ணி வைத்திருந்தாள்: தொண்ணூற்றேழு.

இந்தத் தடவை அவளை விசிட் விசாவில் வரவழைத்திருந்தான். துபாய் கராமாவில் அவன் மாமா மகள் அகிலாவின் வீட்டில், ஹாலில் மெத்தை போட்டுத் தங்கியிருந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் சேதுபதி வருவான். சோபாவின் ஓரத்தில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து, அகிலா கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுவான். இப்படியே இருபத்துநாலு நாள் ஓடிவிட்டது. இன்னும் ஆறு நாளில் விமானம்.

யார்டைப் பார்த்துக்கொள்கிற ஹசன் அலி கீழக்கரைக்காரர். அவர்தான் சேதுபதியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"தம்பி, சனிக்கெழம காலைல ஒம்போது மணிக்கு அல் ஐன்ல ஒரு அரபி வீட்ல வண்டிய ஒப்படைக்கணும். நீ வெள்ளிக்கெழம மத்தியானமே கெளம்பிரு. தங்கச்சியையும் கூட்டிக்க. நடுவுல எங்க நிப்பாட்டுனன்னு நான் கேக்கப் போறதில்ல. காலைல பெட்ஷீட்ட மட்டும் மாத்திரு."

அகிலா இதைக் கேட்டுவிட்டு, "எங்க வீட்டுக்காரரு பதினோரு வருசமா துபாய்ல இருக்காரு, என்னிய லுலு மாலத் தாண்டிக் கூட்டிட்டுப் போனதில்ல. ஒனக்கு கேரவன் கேக்குது" என்று நாகவள்ளியின் இடுப்பில் கிள்ளினாள்.

நாகவள்ளிக்குக் கேரவன் ஒரு பொருட்டில்லை. அவளுக்கு வேண்டியது ஒரு மரம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், இந்த வேலைக்குச் சேர்ந்த புதிதில், சேதுபதி போனில் சொல்லியிருந்தான். "பாலைவனத்துக்கு நடுவுல ஒத்தையா ஒரு மரம் நிக்குது வள்ளி. யாருக்கும் தெரியாத எடம். போட்டோல காட்டமாட்டேன். ஒரு நா ஒன்னிய நேர்ல கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்." அந்த மரத்தை வைத்துக்கொண்டு அவள் மூன்று வருஷம் ஓட்டியிருக்கிறாள். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போதும், ஸ்டாஃப் ரூமில் மற்ற டீச்சர்கள் கணவன்மாரைப் பற்றிக் குறைப்படும்போதும், தனக்கென்று ஒரு மரம் எங்கேயோ நிற்கிறது என்று நினைத்துக்கொள்வாள். மறுபடியும் எப்போது இவனைப் பார்க்கப்போகிறோம் என்று தெரியாது. தனக்கென்று ஒன்று இவனிடம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு விமானம் ஏற வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

யார்டிலிருந்து கிளம்பும்போதே கோணலாக ஆரம்பித்தது. வண்டியின் படி உயரம். அவள் சேலையைத் தூக்கிப் பிடிப்பதற்குள் சேதுபதி ஒரு முக்காலியைக் கீழே வைத்து, உள்ளங்கையை மேலே பார்க்க நீட்டினான். அவள் கையை ஊன்றி ஏறினாள். ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. கமுதி பஸ் ஸ்டாண்டில் திருவிழாக் கூட்டத்தில்கூட இந்த மனுஷன் தன் கையைப் பிடித்ததில்லை.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"எத?"

"இப்படிக் கை நீட்டுறத."

"அது டூட்டி வள்ளி. மேடமுங்க ஹீல்ஸ் போட்டுட்டு வருவாங்க. விழுந்து வச்சா நம்ம தலதான் உருளும்."

வண்டி கடலை விட்டுத் திரும்பி எமிரேட்ஸ் ரோட்டைப் பிடித்தது. நாகவள்ளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கணக்குப் போட்டாள். குளிர்காலம் ஐந்து மாதம். வாரத்துக்கு இரண்டு சவாரி. மூன்று குளிர்காலம். நூற்றிருபதுக்குக் குறையாது. நூற்றிருபது பெண்களுடைய கை ஊன்றிய கையில் தன் கையையும் ஊன்றி ஏறியிருக்கிறோம் என்று நினைத்தாள். உடனே, பி.எட். படித்தவள் நினைக்கிற நினைப்பா இது என்று தன்னையே கேட்டாள். பஸ் கண்டக்டரின் மனைவி இப்படிக் கணக்குப் போட்டால் குடித்தனம் நடத்த முடியுமா? கேள்வி சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் நூற்றிருபது அப்படியே நின்றது.

அல் மதாம் தாண்டி ஒரு டீக்கடையோரம் நிறுத்தி ஹாரன் அடித்தான். கடைக்காரர் வண்டிக்கே வந்தார். "பாய், தோ கரக். ஷுகர் கம்" என்றான் சேதுபதி.

"யாருக்கு சக்கர கம்மி?" என்றாள் நாகவள்ளி.

அவன் முழித்தான். "இங்க லேடீஸ் எல்லாரும் கம்மியாத்தான் கேப்பாங்க."

"நான் எத்தன கரண்டி போடுவேன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"ரெண்டு" என்றான் உடனே. "இல்ல, இரு. மூணு." சொல்லிவிட்டு இறங்கி ஓடிப்போய், சர்க்கரைப் பொட்டலங்கள் ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு வந்து அவள் மடியில் போட்டான். வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பாள். பொட்டலத்தைக் கிழிக்கிற வேகத்தில் டீ கொஞ்சம் சேலையில் கொட்டியது. துடைக்கப் பேப்பர் தேடி டாஷ்போர்டில் இருந்த அறையைத் திறந்தாள். பேப்பருக்கு அடியில் ஒரு காப்பிக்கலர் நோட்டு இருந்தது.

"அது கெஸ்ட்டுங்க எழுதுற நோட்டு" என்றான் சேதுபதி, வண்டியைக் கிளப்பிக்கொண்டே. "போறப்ப எதாச்சும் எழுதிட்டுப் போவாங்க. ஹசன் அலி அண்ணன் பொரட்டிப் பாத்துட்டு 'நல்லாத்தாண்டா எழுதிருக்காங்க'ம்பாரு. என்ன எழுதிருக்குன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. நானும் கேட்டுக்கல." ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தான். "கடைசிப் பக்கத்தப் படியேன். போன மாசம் வந்தவங்க. அந்தம்மா ரொம்ப நேரம் உக்காந்து எழுதுனாங்க."

அவள் கடைசிப் பக்கத்தை எடுத்தாள். அழகான இங்கிலீஷ் கையெழுத்து; அடியில் சம்யுக்தா என்று பெயர். எழுதியிருந்தது இதுதான்:

'எத்தனையோ டிரைவர்களைப் பார்த்திருக்கிறோம். சேது வேறு மாதிரி. குளிரும் என்று நாங்கள் சொல்வதற்கு முன்பே போர்வை வந்தது. இஞ்சி டீ கேட்காமலே வந்தது. துண்டில் இரண்டு அன்னம் செய்து கட்டிலில் வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, யாருக்கும் தெரியாத தன் ரகசிய மரத்தை எங்களுக்குக் காட்டினார். அதை மறக்கவே மாட்டோம். சேது சிரித்தால் அந்த மணல்மேட்டுக்கே வெளிச்சம் வருகிறது.'

நாகவள்ளி முந்தின பக்கத்தைத் திருப்பினாள். மரம். அதற்கு முந்தின பக்கம். அதிலும் மரம். ஒருவர் படமே வரைந்துவிட்டுப் போயிருந்தார்.

"என்ன எழுதிருக்கு?" என்றான் சேதுபதி. சாலையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டான். ஆனால் பரீட்சை ரிசல்ட் ஒட்டிய பலகைக்கு முன்னால் நிற்கிற பையன்கள் மாதிரி அவன் கழுத்து விறைத்திருந்தது.

"வண்டி நல்லா இருக்குன்னு எழுதிருக்காங்க. ஏசி நல்லா வேலை செய்யுதாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"ஒரு பக்கம் பூரா இருக்கே."

"இங்கிலீஷ்ல அப்படித்தான். ஒண்ணுமில்லாததுக்கு வளவளன்னு எழுதுவாங்க."

அவன் தலையாட்டிவிட்டு ரேடியோவை மறுபடி கூட்டினான். நாகவள்ளி நோட்டை இருந்த இடத்திலேயே வைத்தாள். தெருவில் யாருக்கும் செய்யாததை, கட்டினவனுக்குச் செய்திருக்கிறாள். இப்போதே எடுத்துச் சரியாகப் படித்துவிட்டால் என்ன என்று தோன்றியது. தோன்றியதோடு சரி. ரகசிய மரம் என்று எழுதிய அந்தப் பேனாவைப் பிடித்த விரல்களை நினைத்தாள். அந்த விரல்களும் அந்த நூற்றிருபதில் சேர்த்திதான்.

மூன்றரை மணிக்கு வண்டி தார் ரோட்டை விட்டு இறங்கி, கெட்டித் தரையாகப் பார்த்து மெதுவாக ஊர்ந்தது. இரண்டு மணல்மேடுகளுக்கு நடுவில் மரம் நின்றது. சேதுபதி இன்ஜினை அணைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"இதுதான்."

அவள் இறங்கிப் போய்ப் பார்த்தாள். மேற்கே சாய்ந்து வளர்ந்து, அடிக்கிளைகள் மணலைத் தொட்டுக்கொண்டு, தனியாகத்தான் நின்றது. அழகாகத்தான் இருந்தது. சுற்றிலும் டயர்த் தடம். பழைய அடுப்புக்கரி வட்டம் வட்டமாகக் கிடந்தது. யாரோ பிறந்தநாளுக்குக் கொளுத்திய சின்ன மெழுகுவத்தி ஒன்று, பாதி உருகி, வேரடியில் குத்தியிருந்தது.

"இது வன்னி மரம்" என்றாள். "நம்ம சிவன் கோயில் வாசல்ல நிக்குது. இதப் பாக்கவா ஏரோப்ளேன் ஏறி வந்தேன்?"

சேதுபதியின் முகம் சுருங்கியது. "இங்க காஃப்ம்பாங்க" என்று முனகிவிட்டு வண்டிப் பக்கம் போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவன் வேலையில் இறங்கினான். செய்கிறவனைப் பார்த்தபடி அவள் நின்றாள். பக்கவாட்டிலிருந்து கூடாரத் துணியை இழுத்துக் கம்பு கொடுத்தான். கம்பளத்தை உதறி விரித்தான். மரத்தையும் மேற்கையும் பார்த்த மாதிரி இரண்டு நாற்காலி போட்டு, ஒன்றின் முதுகுக்குச் சின்ன மெத்தையைச் சொருகினான். துணியின் ஓரத்தில் மஞ்சள் பல்புச் சரத்தை மாட்டினான். உள்ளே போய்ப் படுக்கையை விரித்தான். அவள் எட்டிப் பார்த்தபோது, போர்வை மேல் இரண்டு துண்டுகள் மூக்கோடு மூக்கு வைத்த அன்னங்களாக உட்கார்ந்திருந்தன. ஊரில் சாப்பிட்ட தட்டை நகர்த்தாத கை.

"நானும் ஒரு கை பிடிக்கட்டா?"

"நீ சும்மா உக்காரு."

உட்கார்ந்தாள். முதுகு மெத்தை சரியான இடத்தில் இருந்தது. அதுவே எரிச்சலாக இருந்தது. வெயில் இறங்கிக் காற்று குளிர ஆரம்பித்தது. கேட்காமலே போர்வை வந்தது. கேட்காமலே இஞ்சி டீ பிளாஸ்க்கில் வந்தது, இரண்டு கப்போடு. கடைசியாக அவள் பக்கத்தில் ஒரு டார்ச்சை வைத்தான்.

"எதாச்சும் வேணும்னா ரெண்டு தடவ அடி. வந்துருவேன்."

சொல்லிவிட்டு வண்டிக்குப் பின்பக்கமாக நடந்து போனான்.

விறகு பொறுக்கப் போகிறான் என்று நினைத்தாள். டீயை ஊற்றி வைத்தாள். சூரியன் மரத்தின் உச்சிக்கு வந்தது. கிளைக்கு வந்தது. பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. டீயில் ஆடை கட்டியது. எழுந்து வண்டியின் பின் ஓரம்வரை போய்ப் பார்த்தாள். வெகு தூரத்தில், ஒரு மேட்டின் மேல், சாக்கை விரித்து, இந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். கையில் போன் வெளிச்சம்.

திரும்பி வந்து நாற்காலியில் விழுந்தாள். நோட்டில் இருந்ததை மறைத்தது தெரிந்துவிட்டதா? மரத்தைச் சொன்னதில் கோபமா? அல்லது, இந்த நேரத்தில் அவன் பேசியாக வேண்டிய ஆள் வேறு யாராவது இருக்கிறார்களா? இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் சாயங்காலம் அவன் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு பெண் சிரித்த சத்தம் கேட்டது. "யாரு?" என்று கேட்டாள். "கெஸ்ட்டு" என்றான். இரண்டு நாள் அவன் போனை எடுக்கவில்லை அவள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. கட்டினவளை இங்கே உட்காரவைத்துவிட்டு, அங்கே போய்...

அவள் மடியில் இருந்த போன் அடித்தது.

போட்டிம் ஆப்பில் வீடியோ கால். சேதுபதி.

எடுத்தாள். திரையில் அவன் முகம் நீல வெளிச்சத்தில் தெரிந்தது. சுற்றிலும் மங்கின மணல். தோளுக்குப் பின்னால், தூரத்தில், மஞ்சள் பொட்டுகளாக விளக்கு. மூன்று வருஷமாக ஊரில் சாயங்காலம் ஏழே முக்காலுக்கு, பாத்திரம் கழுவிவிட்டு ஈரக்கையோடு அவள் பார்த்த அதே படம். இங்கே அப்போது மணி ஆறேகால்.

"சாப்ட்டியா?" என்றான்.

அவள் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"என்ன, கேக்குதா? ஏன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, மஞ்சள் விளக்கைப் பார்த்தாள். அதன் அடியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மூன்று வருஷமாகக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்திருக்கிறாள், ஒருநாளும் தெரிந்ததில்லை. இன்றைக்குத் தெரிந்தது. இரண்டு நாற்காலி. ஒன்றில் போர்வை போர்த்திய ஒரு பெண், கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"பின்னாடி யாரு?" என்று கேட்டாள்.

"கெஸ்ட்டுதான் வள்ளி" என்றான். சொல்லிவிட்டு வாயைத் திறந்தபடியே இருந்தான். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பினான்.

நாகவள்ளி டார்ச்சை எடுத்து இரண்டு தடவை அடித்தாள்.

மூச்சு வாங்க ஓடிவந்தான். செருப்பு ஒன்று மணலில் கழன்றுவிட்டது. ஒற்றைச் செருப்போடு நின்றான். "கெஸ்ட்டு உக்காந்ததும் நூறு தப்படி எண்ணித் தள்ளிப் போயி, முதுகக் காட்டி உக்காரணும். அண்ணன் போட்ட ரூல். சேரப் போட்டு லைட்ட மாட்டுனதும் காலு தானா நடந்துருச்சு."

"போனு?"

"அங்க போயி உக்காந்தா ஒனக்குத்தான் போடுவேன். கை தானாப் போட்டுருச்சு." தலையைச் சொறிந்தான். "அகிலாட்ட சொல்லிராத. வருசம் பூரா சிரிப்பா."

அவள் சிரிக்கவில்லை. கேட்டே விடுவது என்று கேட்டாள். "யாருக்கும் தெரியாத எடம்னீங்க."

"ஒங்கிட்டச் சொன்ன அன்னைக்குத்தான் மொத மொத வந்தேன். யாருக்கும் தெரியாதுன்னுதான் நெனச்சேன். அடுத்த வாரம் பாத்தா அண்ணன் கெஸ்ட்டுக்குக் காட்டுற லிஸ்ட்லயே இருக்கு. அதுக்கப்புறம் யாரு வந்தாலும் இங்கதான்." கொஞ்சம் நிறுத்தினான். "ஆனா வெளிச்சம் எறங்குறப்ப இந்த மரம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. சொல்லத்தான் கேட்டிருக்கேன். நமக்கு முதுகுதான இந்தப் பக்கம்."

நாகவள்ளி காலி நாற்காலியை இழுத்து மரத்தைப் பார்க்க வைத்தாள். "உக்காருங்க."

அவன் நாற்காலியைப் பார்த்தான். பேன்ட்டில் ஒட்டிய மணலைத் தட்டினான், மறுபடியும் தட்டினான், ஹெட்மாஸ்டர் ரூமில் உட்காருகிற மாதிரி நுனியில் உட்கார்ந்தான். சூரியன் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. மரத்துக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கோடுதான் மிச்சம்.

"முடிஞ்சிருச்சு போல" என்றான்.

"இருக்கிறதப் பாருங்க."

பார்த்தார்கள். கோடும் அழிந்த பிறகு அவள் எழுந்து வண்டிக்குள் போய், அந்தக் காப்பிக்கலர் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மத்தியானம் நான் ஒழுங்காப் படிக்கல."

"ஏன்?"

"ஓடுற வண்டியில எழுத்து ஆடுச்சு."

டார்ச்சை அவன் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள். முதல் வரியிலிருந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். எத்தனையோ டிரைவர்கள் என்ற இடத்தில் அவன் தலை குனிந்தது. போர்வை என்ற இடத்தில், "அந்தம்மாவுக்குச் சளி, தும்மிக்கிட்டே இருந்தாங்க" என்றான், தான் செய்தது ஒன்றும் பெரிதில்லை என்பது போல. அன்னத்துக்குக் கொஞ்சம் நிமிர்ந்தான். ரகசிய மரம் என்பதை நாகவள்ளி தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள். அந்த வார்த்தையை விடவில்லை. மறக்கவே மாட்டோம் என்பதோடு நிறுத்தினாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

சேதுபதி குனிந்து, டார்ச் வெளிச்சத்தில் விரலை வைத்து வரிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தான். கடைசி வரியில் விரல் நின்றது. "இன்னும் ஒண்ணு இருக்கே."

"அது விலாசம்."

அவன் நோட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். எது புரிந்ததோ, சிரித்துவிட்டான். சம்யுக்தா எழுதிய கடைசி வரியில் பொய் ஒன்றும் இல்லை. நாகவள்ளி நோட்டை மூடி, போர்வைக்குள் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.